தோண்டாமல் விட்ட பாத்தி

மரக்காணம் மூலிகைத் தோட்டத்தில் இருக்கிற நிழல்வனத்துக்குத் தணிகாசலம் ஐயாவின் பெயரை வைக்கப் போகிறார்களாம். வாசலில் அவருடைய படத்தையும் மாட்டுகிறார்கள். அந்த விழா மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டு, இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். நல்ல பிள்ளைகள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஐயா ஓரிலைத் தாமரை என்கிற அரிய மூலிகையை எப்படி வளர்த்தார் என்பதை மட்டும் எழுதினால் போதும் என்றார்கள்.

அதை மட்டும் எழுத என்னால் ஆகாது. எழுதினால் முழுதாக எழுதுவேன், போடுவதும் போடாமல் விடுவதும் உங்கள் இஷ்டம் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். படத்தை மாட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக மாட்டுங்கள். நடந்ததைத் தெரிந்துகொண்டு மாட்டுங்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பெருமுக்கல் பக்கத்தில் ஒரு கிராமம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேழ்வரகும் போடுகிற குடும்பம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, மரக்காணத்தில் கட்டிக்கொடுத்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வாரியம் அங்கே மூலிகைத் தோட்டம் ஆரம்பித்தபோது கூலியாளாகச் சேர்ந்தேன். களை எடுத்தேன், தொட்டி நிரப்பினேன், பதியன் போட்டேன், ஒட்டுக் கட்டினேன். சில வருஷத்தில் என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். நான் தொழில் கற்ற கதை இவ்வளவுதான்.

தோட்டம் உப்பளங்களுக்கு மேற்கே ஒரு மணல்மேட்டில் இருந்தது. கிழக்கே பார்த்தால் வெள்ளை வெளேர் என்று கண்ணைக் குத்தும். கோடையில் அந்தப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் நின்றுவிட்டு உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். செடியின் இலையை நக்கினாலும் அப்படித்தான். கிணற்றுத் தண்ணீர் தை மாசம் வரைக்கும் வாயில் வைக்கும்படி இருக்கும். சித்திரையில் துப்பத்தான் வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், அடர்ந்த காட்டுக்குள் ஈர நிழலில் முளைக்கிற ஒரு செடியை வளர்ப்பேன் என்று நின்றவர் தணிகாசலம் ஐயா. அவர் எங்கள் கண்காணிப்பாளர். நாங்கள் சூப்பிரண்டு ஐயா என்போம்.

அவர் யாரையும் ஒருமையில் பேசமாட்டார். களை எடுக்கிற பெண்களையும் 'வாங்கம்மா, போங்கம்மா' என்றுதான் சொல்வார். கோபம் வந்தாலும் குரல் உயராது. அவர் சொல்வதைக் கேட்க வேண்டுமென்றால் நாம் வேலையை நிறுத்திவிட்டுக் கிட்டே போய் நிற்க வேண்டும். நிழல்வனத்துக்குள் செருப்போடு நுழையமாட்டார். காலையில் வந்ததும் ஒவ்வொரு பாத்தியிலும் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டு எடுப்பார். ஒட்டியிருக்கிற மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் எங்களிடம் பேச்சு. ஒரு நாற்றை நான் அவசரத்தில் வேர் மடங்க நட்டுவிட்டால், திட்டமாட்டார். தானே உட்கார்ந்து அதைப் பிடுங்கி, வேரை நீவிவிட்டு, மறுபடி நடுவார். நான் நின்று பார்க்க வேண்டும். திட்டினாலாவது தேவலை என்றிருக்கும்.

ஓரிலைத் தாமரை எங்களிடம் வந்தது இப்படி. கோயில்காடு ஒன்றில் பாதியை அழித்துச் சவுக்கு போட முடிவானது. அந்தக் காலத்தில் இந்தக் கடற்கரை முழுக்க அதே கதைதான். எங்கே பார்த்தாலும் சவுக்கு, முந்திரி. டிராக்டர் வருவதற்கு முன்னால் அழியப்போகிற பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ள ஐயா அனுமதி வாங்கினார். அது மழைக்காலம். வீரை மரத்தடியில், சருகுக்குள்ளிருந்து ஒரு செடிக்கு ஒரே ஒரு இலை. வட்டமாக, விசிறி மடித்துப் பிரித்த மாதிரி மடிப்பு மடிப்பாக, தரையோடு தரையாக இருந்தது. தண்டு கிடையாது, இரண்டாவது இலையும் கிடையாது. இரும்பு வேண்டாம் என்று சொல்லி, பனைமட்டையைச் சீவி எங்கள் கையில் கொடுத்தார். செடியைச் சுற்றி ஒரு பிடி மண்ணோடு கிளப்பி, வாழைமட்டைக்குள் வைத்துக் கட்டி, தலையில் சுமந்து வந்தோம்.

முதல் வருஷம் பெரும்பாலும் செத்தது. இலை ஓரம் பழுப்பேறிச் சுருண்டது. கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடித்து, ஓட்டுக்கூரையிலிருந்து வடிகிற மழைத்தண்ணீரைச் சிமெண்டுத் தொட்டியில் பிடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பாத்திக்கு வேறு தண்ணீர் கிடையாது. கடல் பக்கம் பனையோலைத் தட்டி கட்டினோம். மண்ணோடு வீரை, காசான் மரங்களின் சருகு மக்கியதைக் கலந்தோம். எருவே போடவில்லை. நிழல் எவ்வளவு வேண்டும் என்று நான் கேட்டதற்கு, கையை மேலே தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். விரல் இடுக்கில் விழுகிற வெயில்தான் கணக்கு. மரக்கிளையை அந்தக் கணக்குக்குக் கழித்தோம்.

இதில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது கோடைதான். தையில் இலை மஞ்சளித்துப் படுத்துவிடும். அதற்குப் பிறகு ஆடி, ஆவணி வரைக்கும் மண்ணுக்கு மேலே ஒன்றுமே இருக்காது. அடியில் பட்டாணி அளவு வெள்ளைக் கிழங்குகள் மட்டும் உறங்கும். அப்போது தண்ணீர் பட்டால் அழுகும், வெயில் பட்டால் சுருங்கிச் சாகும். மிதிக்கக் கூடாது, பெருக்கக் கூடாது, கோழியை விடக் கூடாது. காலி இடம் என்று நினைத்து யாராவது மண்ணைக் கொத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மழைக்கு இலைக்கு முன்னால் பூ வரும். மொட்டைத் தண்டில் வெளிர்பச்சையாக, நடுவில் ஊதாக் கோடு ஓடிய பூக்கள் தலைகுனிந்து தொங்கும். அது வாடிப் போன பிறகுதான் இலை.

இந்தப் பாத்தியைப் பார்த்துக்கொள்ள ஐயா தேர்ந்தெடுத்தவள் கன்னியம்மா. பக்கத்து அனுமந்தைக் குப்பத்துக்காரி. புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். கடல் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தோட்டத்து வேலைதான் அந்த வீட்டில் அடுப்பை எரித்தது. என்னை அக்கா என்று கூப்பிடுவாள். கோடையில் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து ஓலை முடைந்தபடி ஆட்டையும் ஆளையும் விரட்டுவாள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று சிரிப்பாள். மூத்த மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குப்பத்தில் அந்த வயசில் படித்த பெண்பிள்ளைகள் ஒன்றிரண்டுதான். கன்னியம்மாவுக்கு அதில் தாங்காத பெருமை.

நெருக்கடி நிலை வந்தது. அப்போது அதிகாரிகளுக்குக் கொம்பு முளைத்திருந்தது, எங்களுக்கு நாக்கு அறுந்திருந்தது. வாரியத்தைச் சீர்படுத்துவதற்கென்று மெட்ராஸிலிருந்து ஒரு சிறப்பு அதிகாரியைப் போட்டார்கள். பங்குனி வெயிலில் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு பிரம்பு. நாலைந்து பேர் பின்னால் வந்தார்கள். பாண்டிச்சேரி நாட்டுமருந்துக் கடைகளில் ஓரிலைத் தாமரைக் கிழங்கை விற்கிறார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். நேராக நிழல்வனத்துக்குத்தான் வந்தார்.

பலகையில் பேர் இருந்தது. பாத்தியில் செடி இல்லை. எங்கே என்று கேட்டார். கன்னியம்மா எழுந்து நின்று, "தூங்குது சார்" என்றாள்.

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஆளுக்கு முகம் மாறிவிட்டது. தன்னைக் கிண்டல் செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். பிரம்பால் மண்ணை இரண்டு மூன்று இடத்தில் கிளறினார். மேல்மண்ணைக் கிளறினால் சருகுதான் வரும். எந்த ஊர் என்று அவளைக் கேட்டார். சொன்னாள். "மீன்காரிய மூலிகைக்குக் காவல் வச்சா இப்பிடித்தான் இருக்கும்" என்றார். எங்கள் எல்லோருக்கும் முன்னால், அவள் முகத்தைப் பார்த்து.

"நான் எடுக்கல சார். உள்ள இருக்குது. ஐயாவக் கேளுங்க" என்றாள் கன்னியம்மா.

சூப்பிரண்டு ஐயா கிட்டே வந்தார். அதே மெல்லிய குரலில், இந்தச் செடி கோடையில் மேலே காய்ந்துவிடும், கிழங்கு அடியில் இருக்கிறது என்று சொன்னார். அப்படியானால் பாத்தி முழுக்கத் தோண்டிக் காட்டுங்கள், எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம் என்றார் அதிகாரி. நியாயமான பேச்சுதானே. அந்த மனுஷன் அன்றைக்குப் பேசியதில் அது ஒன்றுதான் நியாயம். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு, தோண்டிக் காட்டுகிறேன் சார் என்று உட்கார்ந்தேன்.

"தெய்வானை, கையை எடுங்க" என்றார் ஐயா. பிறகு அதிகாரியைப் பார்த்து, "இந்த வெயில்ல தொறந்தா செத்துடும் சார். மழை வரட்டும், அப்ப காட்றேன்" என்றார்.

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓகோ. அப்ப உங்களுக்கும் இதுல பங்கு உண்டா?"

கன்னியம்மா ஐயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மத்தியானமே கிழங்கு திருடியதாக அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் தணிகாசலம் ஐயா.

நான் அவருடைய அறைக்குப் போய்க் கேட்டேன். பயத்தில் போட்டீர்களா என்றுதான் கேட்டேன். பயந்து போட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அந்தக் காலத்தில் எல்லோரும் பயந்தார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"மிச்சக் காடும் போயிடுச்சும்மா. இது இந்தக் கரையில மிச்சம் இருக்குறதே நம்ம பாத்தியிலதான். இது போனா திரும்பி வராது. கன்னியம்மாவ மழைக்கு அப்பறம் திரும்ப எடுத்துக்கலாம்."

"அவளை எடுப்பீங்க. அவ பேரை எப்பிடிங்க எடுப்பீங்க?"

அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் மேல் வந்த ஆத்திரம், இதை எழுதும்போதும் என் கையில் இருக்கிறது.

மறுநாள் காலை போய் நானே ஒரு பிடி கிழங்கு தோண்டினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. ஈரத்துணியில் முடிந்துகொண்டு, கன்னியம்மாவையும் கூட்டிக்கொண்டு, மெட்ராஸுக்குப் பஸ் ஏறினேன். வாரியத்து அலுவலகத்தில் எங்களை உள்ளே விடவில்லை. சாயங்காலம் ஒரு குமாஸ்தா வெளியே வந்து துணியைப் பிரித்துப் பார்த்தார். வழி நெடுக அடித்த அனலில் துணி காய்ந்து, கிழங்கு சுண்டிப் போய் இருந்தது. எந்தக் காட்டுக் கிழங்கையும் கொண்டுவந்து இதுதான் அது என்று சொல்லலாம் அம்மா, ஊருக்குப் போங்கள் என்றார். கிழங்கை என் கையில் உதறிவிட்டுப் போய்விட்டார். நான் மெட்ராஸ் போனதற்காக என்னை நிழல்வனத்திலிருந்து எடுத்து, வேலியோரச் சவுக்குக்குத் தண்ணீர் சுமக்கப் போட்டார்கள். சுமந்தேன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

கன்னியம்மா உப்பளத்துக்குப் போனாள். உப்புப் பாத்தியிலிருந்து கூடையில் உப்பை வாரிக் கரைக்குச் சுமக்கிற வேலை. நான் தண்ணீர் சுமக்கிற இடத்திலிருந்து பார்த்தால் தூரத்தில் வரிசையாகத் தலைகள் போகும். அதில் எது அவள் என்று தெரியாது. வெயிலின் வெளிச்சம் உப்பில் பட்டு அடித்துக் கண்ணில் நீர் வடியும் அவளுக்கு. பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு இறங்கும். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஊருக்குள் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கடைக்குப் போனால் கடைக்காரன் அவள் கையைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அவள் மகளைக் 'கிழங்கு திருடி பொண்ணு' என்று கூப்பிட்டன. ஒருநாள் அது பையைக் கொண்டுவந்து மூலையில் போட்டது. அடித்துப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அது போகவே இல்லை.

ஆவணியில் மழை பிடித்தது. பாத்தியில் பூத்தண்டுகள் எழும்பின. பிறகு இலை வந்தது. அந்த வருஷம் மாதிரி அது முன்னால் வந்ததே இல்லை. மண் தெரியாமல் மூடிக்கொண்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு அந்த அழகைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஐயா வாரியத்துக்கு எழுதினார். கன்னியம்மாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், புதுக் கூலியாளாக, என்று பதில் வந்தது. திருட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நான் போய்ச் சொன்னபோது, அவள் குடிசை வாசலில் வலைக்கயிறு பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கலன்னு சொல்லட்டும்க்கா. எத்தினி பேர் முன்னாடி சொன்னாங்களோ அத்தினி பேர் முன்னாடி. அப்பறம் வர்றேன்."

கார்த்திகையில் அந்தச் சிறப்பு அதிகாரி மறுபடியும் வந்தார். இந்த முறை விருந்தாளிகளோடு. வாரியத்தின் சாதனையைக் காட்டக் கூட்டிவந்திருந்தார். நிழல்வனத்தில் நின்று, அதே பாத்தியைக் கைநீட்டிக் காட்டி, இந்தக் கடற்கரையில் வேறு எங்கும் பார்க்க முடியாது என்று பெருமையாகச் சொன்னார். வெட்கம் என்று ஒன்று மனுஷனுக்கு இருக்க வேண்டாமா? நான் முந்தினநாளே அனுமந்தைக்கு ஆள் அனுப்பியிருந்தேன். தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரையும் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தேன். என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும் என்றுதான்.

கன்னியம்மா வந்தாள். துவைத்த புடவை கட்டி, தலையை வாரி முடிந்திருந்தாள். கூட அந்த மகள். நேராக வந்து அதிகாரிக்கு எதிரே நின்று கும்பிட்டாள். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யாரம்மா, என்ன வேண்டும் என்று கேட்டார். அதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு குடும்பத்தின் தலையில் நெருப்பை வைத்துவிட்டு, வைத்தது நினைவுகூட இல்லை.

"நான்தான் சார் கிழங்கு திருடினவ" என்றாள் கன்னியம்மா. "அதோ இருக்குது பாருங்க, நான் திருடினது."

அதிகாரி சூப்பிரண்டைப் பார்த்தார். விருந்தாளிகள் இருவரையும் பார்த்தார்கள். அலுவலகத்தில் ஏதோ தவறு நடந்திருக்கும், விசாரிக்கச் சொல்கிறேன் என்று அதிகாரி நகரப் பார்த்தார். கன்னியம்மா நகரவில்லை.

"ஆபீஸ் பேசல சார். நீங்க பேசினீங்க."

அப்போதுதான் தணிகாசலம் ஐயா முன்னால் வந்தார். செருப்பில்லாத கால். கையைக் கட்டிக்கொண்டு, இந்த அம்மா திருடவில்லை, எனக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னார். வழக்கமான அந்தக் குரலில்.

"சத்தமா சொல்லுங்க ஐயா" என்றாள் கன்னியம்மா. "எம் பொண்ணுக்குக் கேக்கல."

அவர் சொன்னார். மறுபடியும் சொன்னார். வேலியோரம் நின்றவர்களுக்கும் கேட்டது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதிகாரி ஜீப்பைப் பார்த்து நடந்தார். கடைசி வரைக்கும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அடுத்த வருஷம் ஆட்சி மாறியது, அவரும் வேறு எங்கோ போனார். நன்றாகத்தான் இருந்தார் என்று கேள்வி. அவருக்கு எதுவும் ஆகவில்லை.

கன்னியம்மா வேலைக்குத் திரும்பினாள். புதுக் கூலியாளாகத்தான். ஓரிலைத் தாமரைப் பாத்திப் பக்கம் மட்டும் போகமாட்டேன் என்றாள். ஐயாவும் வற்புறுத்தவில்லை. அதற்குப் பிறகு கோடை முழுக்க அந்தப் பாத்தியை அவரே காத்தார். தொப்பியை வைத்துக்கொண்டு, முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கன்னியம்மா அந்த வழியாகக் கூடை சுமந்து போவாள். அவர் எழுந்து நிற்பார். அவள் பார்க்காமல் போவாள். அவர் ஓய்வுபெறும்வரை இப்படியே நடந்தது. பிரிவுபசாரத்துக்கு அவள் வரவில்லை. நானும் போகவில்லை.

கன்னியம்மாவின் மகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. அம்மா திருடவில்லை என்று காதாரக் கேட்டது. ஆனாலும், விட்ட படிப்பு விட்டதுதான். உப்பளத்தில் வேலை செய்தது, கல்யாணம் ஆனது, இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயர் எழுதத் தெரியும். கன்னியம்மா சாகிற மட்டும் என்னிடம் பேசியதெல்லாம் அந்தப் படிப்பைப் பற்றித்தான். வேலை போனதைப் பற்றியோ, உப்பில் கால் வெடித்ததைப் பற்றியோ அவள் ஒருநாளும் பேசியதில்லை.

தணிகாசலம் ஐயா செடிகளின் தகப்பன் என்று பேசுகிறார்கள். இருக்கட்டும். அந்தச் செடி இன்றைக்கு உயிரோடு இருப்பது அவரால்தான். நான் மறுக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். நம்மோடு சரிசமமாக மண்ணில் உட்கார்ந்தவர், வாங்க போங்க என்று பேசியவர், ஒரு நாற்றின் வேர் மடங்கினால் பொறுக்காதவர். ஒருத்தியின் பேரும் போனால் திரும்பி வராது என்று அவருக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் கோபம்.

சிலர் என்னிடம் சொல்வதுண்டு. அன்றைக்குத் தோண்டியிருந்தால் இன்றைக்கு ஓரிலைத் தாமரை இருந்திருக்காது, அவர் தொலைநோக்கோடு செய்தார், பெரிய காரியத்துக்கு முன்னால் சின்னது இப்படித்தான் அடிபடும் என்று. எது சின்னது?

தோண்டியிருக்க வேண்டும். அந்த ஆள் நிற்கும்போதே, அந்தப் பங்குனி வெயிலிலேயே, பாத்தி முழுவதையும் தோண்டிப் போட்டிருக்க வேண்டும். ஒரு கிழங்கு மிஞ்சாமல் அத்தனையும் செத்திருந்தாலும் சரி.